பாசிக்குப் பலகை இல்லை

லெபனான் மலைச்சரிவில் ஊதாப்பூப் புதர்களுக்குக் காவல்காரர் ஷலீத்தா. பலகையில் ரோடோடென்ட்ரான் என்று எழுதியிருக்கிறது; கிளையை ஒடித்தால் அபராதம். மே மாதம் பூக்கும்போது கூட்டம் வரும், படம் எடுக்கும், போய்விடும். அப்புறம் அவரும் மலையும்தான். பேச ஆளில்லாமல், எப்போதோ வந்துபோன பல்கலைக்கழக ஆசிரியையின் மூக்குக் குரலில் புதரிடமே பேசுவார்:

"உனக்கு வேரிருக்கு, பூவிருக்கு, விதையிருக்கு. பெரிய குடும்பம். கீழ கெடக்குற பாசிக்கு மூணும் கிடையாது, தூளாப் பறந்து பரவுது. ரெண்டும் பச்சைங்கறதத் தவிர சொந்தமே இல்ல, கேட்டியா?"

பாசியைக் காக்கச் சொல்லி எங்கும் ஒரு வரி இல்லை.

டிசம்பரில், பனி விழுமுன், ஒரே ஒரு வண்டி ஏறி வரும். கிறிஸ்துமஸ் குடிலில் விரிக்கப் பாசி உரிக்க வர்தே என்பவள் கோயில் பெண்களோடு வருவாள். அவளுடைய கிண்டலும், கிப்பே என்னும் இறைச்சி உருண்டையும்தான் ஷலீத்தாவுக்குக் குளிர்காலம் முழுக்கத் துணை.

"அண்ணே, ஒம் பொண்டாட்டி இன்னும் பூக்கலையா?"

"அவ மே மாசந்தான் வாயத் தொறப்பா. நீ வருஷம் பூரா."

இந்த வருஷமும் பெண்கள் சிரித்தார்கள். அவரே கூடையைப் பிடித்துக்கொண்டார். வர்தே பாசியைப் பாய்போலச் சுருட்டி உள்ளே வைத்தாள். அதில் நகக்கண் அளவில் இலைகள் தெரிந்தன. குனிந்து பார்த்தார். புதரின் கன்றுகள். வெறும் மண்ணில் அவர் தேடித்தேடிக் காணாதவை, பாசியின் ஈரத்தில் முளைத்திருந்தன. இத்தனை வருஷமும் இந்தக் கூடைகளை அவரேதான் வண்டிவரை தூக்கிப் போயிருக்கிறார்.

"வர்தே, போதும்மா. இனி உரிக்காத. இதுக்குள்ள குட்டிச் செடி இருக்கு."

"பலகையில பாசி பேரு இருக்கா?"

"இல்ல."

"அப்புறம் என்ன? கொழந்த ஏசு வெறுங்கல்லுலயா படுப்பாரு?"

"பார்பரா திருநாளுக்குப் பஞ்சுல கோதும மொளைக்க வப்பீங்கல்ல, அத விரிங்களேன்."

"ஒம் பூவு மெத்தையில, சாமி பஞ்சுல! நல்லாருக்குண்ணே நியாயம். நாங்க வேற மலை பாத்துக்கறோம்."

கூடையைக் கவிழ்த்தாள். அவருக்கென்று கொண்டுவந்த கிப்பேத் தூக்கை மடியோடு அணைத்துக்கொண்டு ஏறினாள். மற்றவர்களும் ஏறினார்கள்.

வண்டிச் சத்தம் வளைவில் அமுங்கியது. ஷலீத்தா துண்டுகளைப் பொறுக்கிப் பாறையில் பொருத்தினார். ஒன்று ஒட்டாமல் வழுக்கியது. தண்ணீர் தெளித்து, உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தபடி, கை மரத்துப்போகும்வரை உட்கார்ந்திருந்தார்.