கொடிகாமத்துக் கிராங்

பிற்பகல் இரண்டு நாற்பது. இரவல்ல, நல்ல வெயில். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நம்பாதவர்கள் யாழ்ப்பாணத்து இணுவிலில் எங்கள் ஒழுங்கைக்கு வந்து லூர்த்தம்மாவைக் கேட்கலாம்.

1992 ஆவணி. மோட்டார் சைக்கிள் திருத்துவது என் தொழில். சண்டைத் தடையால் பெற்றோல் வராத காலம். வாசனைத் தைலம் வரும் சின்னச் சென்ற் போத்தலில் சேர்த்து வைத்த பெற்றோலில் நாலு துளி விட்டு உதைத்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டுவோம். வழியில் நின்றால் மறுபடி பெற்றோல் வேண்டும். அதனால் ஒருவரும் இடையில் நிறுத்துவதில்லை.

குருநகரிலிருந்து இடம்பெயர்ந்து எங்கள் ஒழுங்கையில் குடியிருந்த வின்சன்ற், செவ்வாய்க்கிழமை தன் பழைய மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். மீன் விற்கிறவன். வண்டி உதறுகிறது என்றான். காலையில் இல்லை, பொழுதுபட்டாலும் இல்லை. மத்தியானத்துக்குப் பிறகு கொஞ்ச நேரம் மட்டும். மண்ணெண்ணெய்க்கு உதறத்தான் செய்யும், மீன் நாற்றத்தில் எஞ்சினுக்கும் தலை சுற்றுதாக்கும் என்று பகிடி விட்டேன். அவன் சிரிக்கவில்லை. மனைவி லூர்த்தம்மாவுக்கு மாதம் நிறைந்திருந்தது. முதல் பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டது. பிரசவக் குத்து எடுத்தால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அந்த ஒழுங்கையில் வேறு வாகனம் இல்லை.

எஞ்சினைப் பிடித்திருந்த ஆணிகளைப் பார்த்தேன். இறுக்கம். செயின் சரி. எஞ்சினைப் பிரித்தேன். பிஸ்ரன் தண்டை மேலும் கீழும் ஆட்டினேன். ஆட்டம் இல்லை. பிஸ்ரன் தண்டு சுழற்றும் இரும்பு அச்சான கிராங்கை வெளியே எடுத்துச் சுற்றினேன். நேராகத்தான் சுற்றியது. சாமான் கிடைக்காமல், உடைத்து விற்ற வண்டியொன்றின் கிராங்கை வாங்கிப் போட்டதாக வின்சன்ற் சொல்லியிருந்தான். அந்த நாளில் எல்லோரும் அப்படித்தான். யாருடைய வண்டி என்று கேட்பதில்லை.

மிஞ்சியது பாரம் பார்ப்பது. மட்டம் பிடித்த இரண்டு இரும்புச் சட்டங்களின்மேல் கிராங்கை வைத்து உருட்டினால், பாரமான பக்கம் கீழே வந்து நிற்கும். எப்போதும். அந்தப் பக்கத்தில் சோக்கால் கோடு போட்டேன். ஐந்து தரம் உருட்டினேன். ஐந்து தரமும் கோடு கீழே.

கை கழுவப் போனேன். திரும்பி வந்தபோது கோடு மேலே நின்றது.

காற்று இல்லை. தெருவில் ஒரு வண்டியும் போகவில்லை. விரலால் கோட்டைக் கீழே தள்ளினேன். விரலை எடுத்ததும் அது மெதுவாக ஏறி... மேலே வந்து நின்றது.

பிறகு சத்தம்.

டொக்... டொக்... டொக்.

கிராங் தானாகச் சட்டத்தில் தட்டியது. மூன்று தரம். இடைவெளி. மறுபடி மூன்று.

மணிக்கூட்டைப் பார்த்தேன். 2:40.

2:51க்கு நின்றது. கோடு கீழே வந்தது.

கிராங்கின் விளிம்பில் இரண்டு புள்ளிகள் கொத்தப்பட்டிருந்தன. கொடிகாமத்து மெக்கானிக் செல்வரட்ணம், தான் திருத்திய சாமானில் கொத்தும் அடையாளம்.

மாற்றுவதற்கு வேறு கிராங் இல்லை. இருந்ததையே பூட்டினேன். புதன் பின்னேரம் வண்டியைக் கொடுத்தேன். கண்டதைச் சொல்லவில்லை. உதறினாலும் நிப்பாட்டாதை என்று மட்டும் சொன்னேன்.

வியாழன் பத்து மணிக்குச் சைக்கிளில் கொடிகாமம் போனேன். புள்ளிகளைப் பற்றிச் சொன்னதும் செல்வரட்ணம் நெடுநேரம் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார். முந்திய ஆண்டு, அருளம்பலம் என்ற தோட்டக்காரனின் வண்டி அது. மனைவி மீனாம்பிகைக்குக் குத்து எடுத்தது. அவள் விழாமல் இருக்கச் சால்வையால் தன்னோடு சேர்த்துக் கட்டி, பின்னால் இருத்திக்கொண்டு போனான். வழியில் அவள் அவன் முதுகில் தட்டினாள். மூன்று மூன்றாக. பதினொரு நிமிடம்.

ஆஸ்பத்திரி வாசலில் மணி 2:51. சால்வையை அவிழ்த்தபோது அவள் உயிரோடு இல்லை. பிள்ளையும் இல்லை.

"தட்டினது எஞ்சின் எண்டு நினைச்சவனாம். உதறினாலும் நிப்பாட்டாதை எண்டு நான்தான் சொல்லி விட்டனான்."

அதே சொல். நான் சொன்ன அதே சொல்.

சைக்கிளை மிதித்தேன்.

ஒழுங்கைக்கு வந்தபோது மூன்று மணி. வின்சன்ற் வீடு பூட்டியிருந்தது. குத்து எடுத்து இரண்டரைக்கே போய்விட்டார்கள் என்றார்கள், பக்கத்து வீட்டில்.

ஆஸ்பத்திரி வீதியில் பாதித் தூரம். மருத்துவிச்சி மார்கிரட் வீட்டு வாசல் படலை. வெளியே அந்த வண்டி.

எஞ்சின் நின்றிருந்தது.

உள்ளே... பிள்ளை அழுதது.

தொப்புள்கொடி பிள்ளையின் கழுத்தில் மூன்று சுற்று, இன்னும் பத்து நிமிடம் போயிருந்தால் இரண்டு உயிரும் இல்லை என்றார் மார்கிரட். வின்சன்ற் என் கையைப் பிடித்தான்.

"இண்டைக்குத் துளியும் உதறேல்லை அண்ணை. அதாலைதான் இவள் முதுகிலை தட்டினது விளங்கினது. மூண்டு தரம். நிப்பாட்டிப்போட்டன். பாத்தா, மார்கிரட்டக்கா வீட்டுப் படலை."

எத்தனை மணிக்கு என்று கேட்டேன். இரண்டு நாற்பது என்றான்.

கட்டிலில் கிடந்த லூர்த்தம்மா கண்ணைத் திறந்தாள். அவனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"நான் தட்டேல்லை. ரெண்டு கையாலையும் சீற்றைப் பிடிச்சுக்கொண்டிருந்தனான். எனக்குப் பின்னாலை இருந்து கையை நீட்டித் தட்டினவ ஆர் அண்ணை?"