ஒருத்திக்கு இரண்டு வேன்

போன மாதம் மகளை விமானம் ஏற்றிவிட மதுரைக்குப் போனேன். காரியாபட்டி தாண்டியதும் டாக்ஸி ஓட்டிய தம்பி பேச்சை ஆரம்பித்தார். விமான நிலையத்தைப் பெரிதாக்கப் போகிறார்களாம், ஓடுபாதையை நீட்டப் போகிறார்களாம், பயணிகள் தேவை ஏறிக்கொண்டே போகிறதாம். "இப்பவே எடம் பத்தலக்கா. பேப்பர்லயே போட்டுருக்கான்," என்றார். மகள் கைபேசிக்குள் தலையை விட்டிருந்தாள். நான் அந்தப் 'பயணிகள் தேவை'யிலேயே மாட்டிக்கொண்டேன். உங்களிடம் சொல்வதற்கென்ன, அது எனக்குப் புரியாமல் போய் முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது.

டாக்ஸிக்குள் ஏசி போட்டிருந்ததால் மகளின் புதுப் பெட்டியிலிருந்து ஒரு வாசம் வந்துகொண்டே இருந்தது. புது ரெக்சினும் கொஞ்சம் பசையும் கலந்த வாசம். என்னுடைய முதல் வேலையின் வாசம் அதுதான். அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், கீழே நூல் கடையும் மேலே ஞானதுரை அண்ணாச்சியின் ட்ராவல்ஸும் இருந்தன. மாடிப்படி ஏறும்போதே சூட்கேஸ் வாசம் மூக்கில் அடிக்கும், ஏனென்றால் டிக்கெட்டை விட அங்கே பெட்டிதான் அதிகம் விற்றது. நான் பாளையம்பட்டியிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து, மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்து, மதுரைக்கு போன் போட்டு "சீட்டு இருக்கா சார்?" என்று கேட்பேன். "இல்லைம்மா" என்பார்கள். பாதி நாள் உத்தியோகம் அவ்வளவுதான்.

அப்போது நான் விமானத்தைத் தலைக்கு மேலே பார்த்ததோடு சரி. ஆனால் பேச்சு என்னவோ பத்து தடவை பறந்துவிட்டு வந்தவள் மாதிரி இருக்கும். "ஏத்தா, பிளேன்ல வாந்தி வருமா?" என்று ஒரு அம்மா கேட்டதற்கு, "ஜன்னலோரமா உக்காந்து கண்ணாடியத் தொறந்து வச்சுக்கிடுங்க, ஒண்ணும் செய்யாது," என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். அவர் திரும்பி வந்து என்னைத் திட்டவில்லை. இன்னும் திறக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறாரோ என்னவோ.

அண்ணாச்சிக்கு உண்மையான பிழைப்பு வேன்தான். எங்கள் பக்கத்தில் ஒருவர் வெளிநாடு போனால் அவர் மட்டும் விமான நிலையத்துக்குப் போவதில்லை. பெரியப்பா, சித்தப்பா, மாமன், மச்சான், பக்கத்து வீடு, சபைக்காரர்கள், இடுப்பில் பிள்ளையோடு நாலு பேர் என்று ஒரு மெட்டடோர் வேன் நிறையப் போக வேண்டும். கட்டுச்சோறு இருக்கும், தண்ணீர்க் குடம்கூட இருக்கும். போய் இறங்கினால் விமான நிலையத்துக்கே திருவிழா வந்த மாதிரி ஆகிவிடும். அந்தச் சின்னக் கட்டடத்தில் உட்கார்ந்திருக்கும் நிஜமான பயணிகள், கால் வைக்க இடமில்லாமல் முழிப்பார்கள்.

இதில் இன்னொரு வழக்கமும் உண்டு. ஒரு காரியமாகக் கிளம்புகிறவரைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது என்பது உங்களுக்கும் தெரிந்ததுதான். எங்கள் ஆட்கள் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். பின்னால் ஆள் இருந்தால்தானே கூப்பிடுவார்கள்? அதனால் எல்லோரும் முன்னால் நடந்துவிடுவார்கள், கிளம்புகிறவர் கடைசியில் வருவார். இந்துக் குடும்பம், வேதக்காரக் குடும்பம் என்ற வித்தியாசமே இதில் கிடையாது. எம்.ரெட்டியபட்டி சபையின் உபதேசியார் "இதெல்லாம் மூடநம்பிக்கை, வேதத்துல கெடையாது" என்று பேசிக்கொண்டே எல்லோருக்கும் முன்னால் நடப்பார்.

தொண்ணூறாம் வருடம், கோடைக்காலம். விமான நிலையத்தைப் பெரிதாக்கலாமா என்று பார்க்க மெட்ராஸிலிருந்து ஓர் ஆபீசர் வருகிறார் என்று அண்ணாச்சிக்கு எங்கிருந்தோ தகவல் வந்தது. அன்றிலிருந்து அவர் வாயில் ஒரே ஒரு சொல்தான். "டிமாண்டு இருக்கான்னு பாக்க வாராக. டிமாண்டு இருக்குன்னா நம்ம மதுரையில இருந்தே நேரா வளைகுடாவுக்கு பிளேன் விடுவாக. அப்பறம் பம்பாய்ல போயி யாரு சீரழியணும்?" அவர் கண்ணுக்கு ஆபீஸ் போர்டு பெரிதாகிக்கொண்டே போனது எனக்கே தெரிந்தது.

ஆபீசர் வரும் அதே நாளில்தான் ஸ்டெல்லாவின் பயணம். அவள் எம்.ரெட்டியபட்டிக்காரி, என் வயதுதான், நர்ஸ் படித்தவள். பருத்தி ரெண்டு வருடமாகக் கைவிட்ட வீடு. அப்பா இல்லை. அம்மா பாக்கியம் களை எடுத்தும் பருத்தி எடுத்தும் இவளைப் படிக்க வைத்திருந்தார். குவைத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்து, தந்தி தாமதமாக வந்ததால் மறுநாளே பம்பாயில் இருந்தாக வேண்டும். ரயிலில் போனால் நேரம் பத்தாது. விமானத்தில் சீட்டு இல்லை, வெயிட்டிங் லிஸ்ட்தான். கவுண்டரில் பெயர் கூப்பிடும்போது ஆள் நின்றால் சீட்டு, இல்லாவிட்டால் வேலை போச்சு.

வழக்கமாக ஒரு வேன். ஆபீசர் கண்ணில் டிமாண்டு பட வேண்டும் என்பதற்காக அண்ணாச்சி அன்று இரண்டு வேன் அனுப்பினார். "ஆளு நெறைய வரணும்னு ஊர்ல சொல்லிருத்தா, ரெண்டாவது வண்டி நம்ம செலவு," என்றார். எங்கள் ஊர்ப்பக்கம் இப்படிச் சொன்னால் யார் வீட்டில் இருப்பார்கள்? ஸ்டெல்லாவை முன்னே பின்னே பார்த்திராதவர்கள்கூட வண்டியில் ஏறி அழுதுகொண்டு வந்தார்கள். நானும் முதல் வேனில் இருந்தேன். என் பக்கத்தில் பாக்கியம் அத்தை, மகளின் நெஞ்சு எக்ஸ்ரே படம் இருந்த பெரிய உறையை மடியில் படுக்கப்போட்டு, இரண்டு கையாலும் பிடித்திருந்தார். "இது இல்லாட்டி பம்பாய்லயே நிப்பாட்டிருவாகளாம்த்தா. மடங்கிறக் கூடாது," என்றார்.

விமான நிலையத்தில் இறங்கியதும் பார்வையாளர் டிக்கெட் வாங்க எங்கள் கூட்டம் வரிசை கட்டியது. வழக்கப்படி பெரியவர்கள் முன்னால், மற்றவர்கள் அவர்களுக்குப் பின்னால், ஸ்டெல்லா எல்லோருக்கும் கடைசியில், வெயிலில், பெட்டியோடு. போக வேண்டியவள் வெளியே நிற்கிறாள், போகாதவர்கள் எல்லாம் உள்ளே! யாருக்கும் இதில் தப்பு எதுவும் தோன்றவில்லை. எனக்கே தோன்றவில்லை என்றால் பாருங்கள்.

உள்ளே ஆபீசர் வந்திருந்தார். வெள்ளைச் சட்டை, கையில் பேனா. அண்ணாச்சி அவர் முன்னால் நின்று கூட்டத்தைக் கைகாட்டினார்.

"பாத்தீகளா சார், எவ்வளவு டிமாண்டு!"

"இவங்க எல்லாரும் இன்னிக்கு பிளைட்ல போறவங்களா?"

"போறது ஒருத்திதேன் சார். ஆனா இவுக அத்தன பேரும் போகணும்னு நெனைக்கிறவுக."

"நினைக்கறதை எல்லாம் கணக்குல எடுக்க முடியாதுங்க."

அண்ணாச்சி முகம் சுருங்கிவிட்டது. "நெனைக்காம எப்படி சார் போவாக?" என்று கேட்டார். ஆபீசர் பேனாவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். அவர் குழம்பினாரா, எரிச்சல்பட்டாரா என்று எனக்குத் தெரியவில்லை. அந்த நேரத்தில்தான் கவுண்டரில் "ஸ்டெல்லா" என்று கூப்பிட்டார்கள். எங்கள் ஆட்கள் எல்லோரும் பெருமையாகச் சிரித்தார்கள். நம்ம பிள்ளை பெயரை மைக்கில் சொல்கிறார்கள் அல்லவா. இரண்டாம் தடவை கூப்பிட்டபோதுதான் எனக்கு உறைத்தது. வெளியே ஓடினேன். அவள் இன்னும் வரிசையின் வாலில் நின்றாள்.

இழுத்துக்கொண்டு வந்தேன். ஆனால் அவள் முன்னால் போனால் சனம் முழுக்கப் பின்னால் ஆகிவிடுமே! பாக்கியம் அத்தை வழியை மறித்துவிட்டார். "ஆத்தி, அத்தன வாயும் பின்னால இருக்கே!" என்று பதறினார். உபதேசியார்தான் தீர்ப்புச் சொன்னார். "எல்லாரும் வாயப் பொத்திக்கிட்டு நில்லுங்க. புள்ள முன்னால போகட்டும்." ஆண்கள் துண்டாலும் பெண்கள் முந்தானையாலும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். உபதேசியாரும் பொத்திக்கொண்டார். மூன்றாம் தடவை கூப்பிடும்போது ஸ்டெல்லா கவுண்டரில் நின்றாள், சீட்டு கிடைத்துவிட்டது. ஆபீசர் என்னிடம் மெதுவாகக் கேட்டார், "ஏதாவது துக்கமாம்மா?" நான் என்னவென்று சொல்ல? நானும் வாயைப் பொத்தியிருந்தேன்.

அப்போதெல்லாம் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கலாம். விமானம் வரை பயணிகள் வெயிலில் நடந்துதான் போவார்கள். பொத்திய வாயோடு எங்கள் கூட்டம் வேலியில் சாய்ந்து நின்றது. மல்லிகைப்பூவும் விமானத்தின் எண்ணெய்ப் புகையும் கலந்து அடித்தன. ஸ்டெல்லா திரும்பிப் பார்க்காமல் போய்க்கொண்டிருந்தாள். பாக்கியம் அத்தை ஒரு கையால் வாயைப் பொத்தி, மறு கையால் வெயிலுக்கு விசிறிக்கொண்டிருந்தார். எதைக் கொண்டு விசிறுகிறார் என்று பார்த்தேன். எக்ஸ்ரே உறை.

எல்லோரும் பார்த்துவிட்டார்கள். எல்லோர் கண்ணும் பிதுங்கியது, ஆனால் ஒருவர் வாயும் திறக்கவில்லை. நான் துண்டு துணியெல்லாம் மறந்து வாயைத் திறக்கப் போனேன், யாரோ ஒரு பெரியம்மா என் வாயை அழுத்திப் பொத்தினார். ஸ்டெல்லா ஏணிப் பக்கம் போய்விட்டாள். முதல் படியில் கால் வைத்தாள்.

"ஏத்தா! ஸ்டெல்லா! எந்தாயி!"

கூப்பிட்டது பாக்கியம் அத்தைதான். அப்படி ஒரு சத்தம் அந்த மெலிந்த உடம்புக்குள் எங்கே இருந்ததோ. ஸ்டெல்லா திரும்பினாள். அம்மா உறையைத் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினார். சாமான் தள்ளுவண்டிக்காரர் ஒருவர் வேலிக்கு மேலாக அதை வாங்கிக்கொண்டு ஓடிப்போய்க் கொடுத்தார். விமானம் கிளம்பிப் போனது. கட்டுச்சோற்றை யாரும் பிரிக்காமல் அப்படியே ஊருக்குத் திரும்பியது அந்த ஒரு தடவைதான்.

அடுத்து நடந்தது உங்களுக்கே தெரியும். ஆகஸ்டில் குவைத்துக்குள் ஈராக் படை புகுந்துவிட்டது. அதன்பிறகு பாக்கியம் அத்தை களை வேலையை விட்டுவிட்டு எங்கள் ஆபீஸுக்கு வர ஆரம்பித்தார். "குவைத்துக்குப் போனு போகுதாத்தா?" என்பார். போகாது. பெட்டிகளுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்துகொண்டு, "பெத்த வாயே பின்னால இருந்து கூப்பிட்டுருச்சே. நாந்தேன் கூப்பிட்டேன்," என்று திரும்பத் திரும்பச் சொல்வார். கூப்பிடாமல் இருந்திருந்தால் பம்பாயிலேயே நின்றிருப்பாளே, குவைத்துக்கே போயிருக்க மாட்டாளே என்று நான் யோசித்தேன். யோசித்தால், கூப்பிட்டதுதான் தப்பு என்றும் ஆகிறது. அதனால் வாயைத் திறக்கவில்லை. டீ வாங்கிக் கொடுத்தேன். அதைத்தான் என்னால் செய்ய முடிந்தது.

மழைக்காலம் ஆரம்பிக்கும் முன் ஒரு நாள் ஸ்டெல்லா வந்து சேர்ந்தாள். பாலைவனத்தில் லாரியில் கிடந்து, கூடாரத்தில் கிடந்து, பம்பாய்க்கு விமானத்தில் கொண்டுவந்து விட்டார்களாம். அங்கிருந்து ரயில், ரயிலிலிருந்து பஸ். பெட்டி இல்லை, நகை இல்லை. ஒரு துணிப்பை, அதில் நாலாக மடங்கிய எக்ஸ்ரே உறை. வேன் இல்லை, கூட்டம் இல்லை. எங்கள் மாடிப்படியில் தனியாக ஏறி வந்து, "எங்கம்மா இங்கதான் இருப்பாகன்னு சொன்னாக," என்றாள். அத்தை தரையில் உட்கார்ந்தபடியே அவள் காலைக் கட்டிக்கொண்டார். சொல்லக் கூச்சமாக இருக்கிறது, நான் என் வீட்டுச் சாவுக்குக்கூட அப்படி அழுததில்லை.

ஊர் இப்போது பேச்சை மாற்றிக்கொண்டது. பெத்தவள் கூப்பிட்டதால்தான் பிள்ளை திரும்பி வந்தாளாம். அத்தைக்குச் சந்தோஷத்தோடு குழப்பமும் சேர்ந்துகொண்டது. ஒரு நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ படிச்ச புள்ள, சொல்லுத்தா. நான் கூப்புட்டது நல்லதா கெட்டதா?" என்று கேட்டார். பிளேன் ஜன்னலைத் திறக்கச் சொன்ன படிப்பு என்னுடையது. "தெரியல அத்தை," என்றேன்.

ஸ்டெல்லா மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்து, பஸ்ஸிலேயே போய் வந்துகொண்டிருந்தாள். அண்ணாச்சியின் டிமாண்டு என்ன ஆனது என்று ஒரு தகவலும் இல்லை. அவர் காலம் முடிந்து, மாடியை நூல் கடைக்காரரே எடுத்துக்கொண்ட பிறகுதான், கட்டடம் பெரிதானது, வெளிநாட்டு விமானமும் வந்தது. அதில் அந்த இரண்டு வேன் ஆட்களுக்கும் ஏதாவது பங்கு உண்டா? நினைப்பதைக் கணக்கில் எடுக்க முடியாது என்றால் இல்லைதான். நான் இந்த வயதுவரை விமானம் ஏறியதில்லை, ஏற வேண்டும் என்று நினைக்காத நாளும் இல்லை. நான் அந்தப் பயணிகள் தேவையில் சேர்த்தியா இல்லையா? டாக்ஸி தம்பியிடம் கேட்கலாமா என்று பார்த்தேன். அதற்குள் இடம் வந்துவிட்டது.

இறக்கிவிடும் பாதையில் வண்டியை நிறுத்தவே விடவில்லை. விசில் ஊதிக்கொண்டே இருந்தார்கள். வேலி இல்லை, பார்வையாளர் டிக்கெட் இல்லை, கட்டுச்சோறு பிரிக்க ஒரு மரத்தடிகூட இல்லை. வாசலில் எத்தனையோ பேர் போய்க்கொண்டிருந்தார்கள், எல்லோரும் பயணிகள். வழியனுப்ப வந்தவள் என்று கண்ணுக்கு எட்டிய வரை நான் ஒருத்திதான் நின்றேன். எங்கள் ஊர் வழக்கப்படி நான் மகளுக்கு முன்னால் நடந்திருக்க வேண்டும். ஆனால் டிக்கெட் இல்லாதவள் கண்ணாடிக் கதவைத் தாண்டி எங்கே போவது? அவள் ஜெர்மனிக்குப் போகிறாள், எப்போது வருவாள் என்று அவளுக்கே தெரியாது. பெட்டியை உருட்டிக்கொண்டு போனாள். நான் பின்னால் நின்றேன், முந்தானை வாயில் இருந்தது.

அவள் எதையும் மறக்கவில்லை. எல்லாம் சரிபார்த்தாகிவிட்டது. இருந்தும் கதவு திறந்த நேரத்தில் முந்தானையை எடுத்துவிட்டு, உள்ளதெல்லாம் சேர்த்துக் கத்தினேன். "ஏத்தா!" காதில் எதையோ மாட்டியிருந்தாள், திரும்பவில்லை. கதவு மூடிக்கொண்டது.

காவலுக்கு நின்ற பையன் பக்கத்தில் வந்தான். "என்னம்மா, எதையும் மறந்துட்டுப் போயிட்டாகளா?"

"இல்லப்பா," என்றேன். "திரும்பி வரட்டும்னுதான் கூப்புட்டேன்."