ஜாய் சொன்ன சாட்சி

ஜாய் வாயில் ஒன்பது வயதில்தான் “அம்மா” என்ற சொல் வந்தது. குற்றாலத்தில் சிப்ஸ் கடை வைத்திருந்த ரெபேக்காள், சாரல் கூட்டம் கடையை மொய்த்துக்கொண்டிருக்க, காயும் எண்ணெயை அப்படியே போட்டுவிட்டு மகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினாள். ஒரு ஈடு நேந்திரங்காய் கருகியது. போனால் போகிறது என்றாள்.

பிறக்கும்போதே மூளையில் கோளாறு. லட்சத்தில் ஒரு பிள்ளைக்குத்தான் வருமாம். அதன் பெயர் ரெபேக்காளின் வாயில் நுழையவில்லை.

“மத்த பிள்ளைய ஒரு வருசத்துல படிக்கத இவ அஞ்சு வருசத்துல படிப்பா. ஆனா படிப்பா,” என்றார் தென்காசி டாக்டர். “வலிப்பு மட்டும் வரப்பிடாது. வந்தா படிச்சதையும் அழிச்சிட்டுப் போயிரும். மாத்திரைய நிறுத்திராதிய.”

ரெபேக்காள் நிறுத்தவில்லை. தேனில் குழைத்து ஊட்டினாள். பயிற்சி கொடுக்கும் பர்சானா சொன்னபடி, பிள்ளையின் கையைத் தன் நெஞ்சில் வைத்து “அம்மா, அம்மா” என்று வருஷக்கணக்கில் சொன்னாள். கடைக்கு வந்தவர்கள் சிரித்தார்கள்.

அந்தச் சொல் வந்ததும், மேலகரம் ஜெபக்கூட்டத்தில் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். ஆண்டவர் செய்த நன்மையை மைக்கில் எல்லோருக்கும் சொல்ல வேண்டும். டாக்டர், பர்சானா எல்லாரையும் சொல்லத்தான் ரெபேக்காள் மேடை ஏறினாள். சபையே கண் கலங்கிப் பார்த்ததும் நாக்கு வேறு பக்கம் புரண்டது.

“மாத்திரை என்னத்தக் கிழிச்சுது? ஆண்டவர்தான் எம்பிள்ள வாயத் தெறந்தாரு!”

ஜாய் மைக்கைப் பார்த்து “அம்மா” என்றாள். கூட்டம் அதிர்ந்தது. யாரோ எடுத்த வீடியோ ஊர் ஊராகப் போயிற்று.

மாத்திரை தீர்ந்தது. வழக்கமாக வாங்கும் மெடிக்கலை வைத்திருக்கும் பெலிக்ஸ் அண்ணாச்சி, அன்று ஜெபக்கூட்டத்தில் முன்வரிசையில் அழுதவர்.

“சாட்சி சொன்ன வாயால அண்ணாச்சிகிட்ட மாத்திரை கேக்கச் சொல்லுதியளா?” என்று புருஷன் ஜஸ்டினிடம் எரிந்து விழுந்தாள். தென்காசியில் வேறு மெடிக்கலே இல்லையா? தெருவுக்குத் தெரு இருக்கிறது. பாவி பஸ் ஏறவில்லை. தான் சொன்னதைத் தானே நம்பவும் தொடங்கியிருந்தாள்.

அந்த வாரமே வலிப்பு வந்தது. ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை நிற்கவில்லை. ஜாய் பிழைத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்தபின் அவள் கையை எடுத்து நெஞ்சில் வைத்தால், அது பாட்டுக்குக் கீழே விழுந்தது.

அடுத்த வருஷச் சாரலில் கீழப்பாவூரிலிருந்து முத்துச்செல்வி என்றொருத்தி இடுப்பில் பையனோடு கடைக்கு வந்தாள். போனில் அந்த வீடியோ ஓடியது.

“அக்கா, இது நீங்கதான? எம்பிள்ளைக்கும் இதே சீக்குதான். ஒங்க சாட்சியக் கேட்டு நேத்தே மாத்திரைய நிறுத்திட்டேன். எந்தச் சாமியா இருந்தா என்ன? அந்தக் கூட்டம் எங்கன நடக்குது?”

“அம்மா, சிப்ஸு,” என்றான் பையன்.

ரெபேக்காள் அவள் கையை எட்டிப் பிடித்தாள். “ஏட்டி, மாத்திரையக் குடு! இப்பமே குடு! நான் சொன்னது பொய்யி. மாத்திரைய நிறுத்தித்தான் எம்பிள்ள இப்படிக் கெடக்கா, பாரு!”

முத்துச்செல்வி உள்ளே எட்டிப் பார்த்தாள். நாற்காலியில் கட்டி உட்கார்த்தியிருந்த ஜாயின் வாயிலிருந்து எச்சில் வடிந்துகொண்டிருந்தது.

“இது வேற பிள்ளையில்லா? வீடியோவுல உள்ளவ பேசுதாளே. ஒங்களுக்குக் கெடச்சது எனக்குக் கெடச்சிரப்பிடாதாக்கும்,” என்று வெடுக்கென்று திரும்பி நடந்தாள்.

ரெபேக்காள் எண்ணெயை அப்படியே போட்டுவிட்டுப் பின்னால் ஓடினாள். அருவிக்குப் போகிற கூட்டம் இடையில் புகுந்துவிட்டது. முத்துச்செல்வியைக் காணவில்லை. அவள் போனிலிருந்து ஜாயின் “அம்மா” மட்டும் இன்னொரு முறை கேட்டது.