மொன்றியலில் பிறந்திருந்தால்

மகளுக்கு மொன்றியலில் ஒரு பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த சந்தோஷம் எங்கள் வீட்டில் ஒரு பின்னேரம்தான் தங்கியது. இரவுச் சாப்பாட்டுக்கு முதலே கட்டணத்தைப் பார்த்துவிட்டோம். கியூபெக் மாகாணத்துப் பிள்ளைகளுக்கு ஒரு கட்டணம், மற்ற மாகாணங்களிலிருந்து போகிறவர்களுக்கு அதைப்போலப் பல மடங்கு. ரொறன்ரோப் பக்கத்து ஸ்காபரோவில் பிறந்து வளர்ந்த என் மகள் அங்கே வெளிமாகாணத்தாள்.

"ஒரே நாடு, ஒரே பாஸ்போட். ஆறு மணித்தியாலம் கார் ஓடினவுடனை வெளியாளோ? கண்டறியாத சட்டம்!" என்று குசினி அடுப்படியில் நின்று கத்தினேன். கணவர் பிறம்ரனில் ஒரு வெயர்ஹவுஸில் வேலை செய்கிறார். நான் ஒரு பல் வைத்தியரிடம் வரவேற்பு மேசையில் இருக்கிறேன். வீட்டுக் கடனும் கார் இன்சூரன்ஸும் கட்டி மிஞ்சுகிற காசுக்கு அந்தக் கட்டணம் எட்டாது என்று கணக்குப் பார்க்காமலே தெரிந்தது.

ரொறன்ரோவிலும் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. பஸ்ஸில் போய்ப் படித்துவிட்டுப் பின்னேரம் வந்து என் கையால் சோறு சாப்பிடலாம். ஆனால் அவள் முதலாம் வகுப்பிலிருந்து பிரெஞ்சில் படித்தவள். பிரெஞ்சு ரீச்சராக வரவேண்டும் என்று பத்தாம் வகுப்பிலேயே முடிவெடுத்துவிட்டாள். "வகுப்பில படிச்ச பிரெஞ்சு காணாது அம்மா. கடையில, பஸ்ஸில, ஆக்கள் சண்டை பிடிக்கேக்க கேட்டுப் பழகவேணும்" என்பாள். சண்டை பிடிக்க அவளுக்கு இருக்கிற மொழிகள் போதாது என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் மடிக்கணினியோடு சாப்பாட்டு மேசைக்கு வந்தாள். யாரைக் கியூபெக்காரராகக் கணக்கெடுப்பார்கள் என்று தேடிப் பிடித்திருந்தாள். முழுநேரம் படிக்காமல் ஒரு வருடம் அங்கே வாழ்ந்திருந்தால் எடுப்பார்களாம். அங்கே பிறந்திருந்தாலும் எடுப்பார்களாம். அதை வாசித்தவள் சட்டென்று நிமிர்ந்தாள்.

"அம்மா! நீங்கள் முதல் மொன்றியலிலதானே இருந்தனீங்கள்?"

"ஓம்."

"இஞ்ச வரேக்க நான் வயித்தில எத்தினை மாசம்?"

"ஏழு."

"ஓ மை கோட், அம்மா! ரெண்டு மாசம்! ஜஸ்ற் ரெண்டு மாசம் வெயிற் பண்ணியிருக்கலாமே!" மேசையில் தலையை முட்டி முட்டிச் சிரித்தாள். கணவர் எழுந்து, காருக்கு எண்ணெய் பார்க்கவேண்டும் என்று வெளியே போனார். எண்ணெய் போன கிழமைதான் மாற்றியது.

அந்தக் கிழமை முழுக்க அதே பகிடி. சிநேகிதிகளுக்கும் ஃபோனில் சொல்லிச் சிரித்தாள். நானும் முதலில் சேர்ந்து சிரித்துத்தான் வைத்தேன். பிறகு அவளுக்கு மற்ற வழி பிடித்துக்கொண்டது: மொன்றியலுக்குப் போய் ஒரு வருடம் வேலை செய்வது, அதற்குப் பிறகு கியூபெக் பிள்ளையாகத் திரும்ப விண்ணப்பிப்பது. என்னால் அதைக் காது கொடுத்துக் கேட்கவே முடியவில்லை.

"விசரே உனக்கு? ஒரு வருசம் விட்டாப் பிறகு படிப்பு ஏறுமோ? அதுவும் தனிய, அந்த ஊரில!"

"அந்த ஊரில அப்பிடி என்ன அம்மா இருக்கு?"

நான் போய்ச் சட்டி கழுவத் தொடங்கினேன். இரண்டு பல்கலைக்கழகங்களுக்கும் முடிவைச் சொல்லவேண்டிய நாள் நெருங்க நெருங்க அவளுடைய பகிடி நின்றுபோய் முகம் நீண்டது. ஒரு பின்னேரம் நான் வெங்காயம் வதக்கிக்கொண்டு நிற்க வந்து வெடித்தாள்.

"நீங்கள் பிரெஞ்சுக்குப் பயந்துதான் மொன்றியலை விட்டு ஓடி வந்தனீங்களாம். பெரியம்மாதான் சொன்னவ. உங்கட பயத்துக்கு நான் ஃபீஸ் கட்டவேணுமோ?"

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. வாய்க்கு வந்தபடி ஏசத்தான் திரும்பினேன். வாயில் வந்தது வேறு.

"ஓம், பயந்துதான் வந்தனான். உனக்கு முதல் எனக்கொரு பிள்ளை இருந்தவன்."

அடுப்பை நிறுத்திவிட்டு அவளை இருக்கச் சொன்னேன்.

"மாசம் கிட்டின நேரம். வயித்தில அசைவு குறைஞ்ச மாதிரி இருந்தது. உன்ர அப்பா ரெஸ்ரோறன்ரில கோப்பை கழுவப் போயிட்டார். நான் தனிய ஆஸ்பத்திரிக்குப் போனன். ஒரு நேர்ஸ் என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு கனக்கச் சொன்னவள். நல்ல மனிசி. எனக்கு ஒரு சொல்லும் விளங்கேல்லை. நன்றிக்கு மெர்சி எண்டு மட்டும்தான் எனக்குச் சொல்லத் தெரியும். மெர்சி சொல்லிப்போட்டு வீட்டை வந்திட்டன்."

மகள் எனக்குக் கிட்ட நகர்ந்து இருந்தாள்.

"என்னை நில் எண்டு சொன்னவளோ, போ எண்டு சொன்னவளோ, இண்டைக்கும் தெரியாது. அடுத்த நாளே பிறந்தவன், ஒரு நாள்தான் உயிரோட இருந்தவன். ஆரிலையும் பிழை இல்லை, எப்பிடியும் நடந்திருக்கும் எண்டு பிறகு தமிழ் தெரிஞ்ச ஒருத்தரைக் கொண்டு சொல்லுவிச்சவை. எனக்கு மனம் ஆறேல்லை. நீ வயித்தில வந்தாப் பிறகு அந்த ஊரில பெறமாட்டன் எண்டு ஒற்றைக்காலில நிண்டனான். அங்க பிறந்த பிள்ளைக்குக் குறைஞ்ச ஃபீஸ் எண்டு வாசிச்சியே, எனக்கு அங்க பிறந்தது அவன்தான்."

"இப்ப எங்கை?" என்று மெல்லக் கேட்டாள்.

"அங்கைதான். குழந்தைப்பிள்ளையளை எரிக்கிறேல்லையெல்லோ. சவக்காலை மண்ணில தாட்டது."

என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். "சொறி அம்மா, சொறி. எனக்கு மொன்றியல் வேண்டாம். நான் இஞ்சயே படிக்கிறன்."

நான் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை அதுதானே? மனம் குளிர்ந்திருக்கவேண்டும். குளிரவில்லை. ஒரு பிள்ளையை அங்கே விட்டுவிட்டு வந்த பயத்தை இந்தப் பிள்ளையின் தலையிலும் கட்டுகிறேனே என்று என்மேல்தான் ஆத்திரம் வந்தது.

"விசர்க்கதை கதையாதை. நீ போறாய். ஒரு வருசம் வேலை செய், பிறகு படி. அங்க அவை சொல்லுறது ஒரு சொல்லு விடாமல் விளங்கிக்கொள்" என்றேன்.

வேலையால் வந்த கணவர் சப்பாத்துக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றிருந்தார். எவ்வளவு நேரம் நின்றாரோ தெரியாது. "நான் கொண்டுபோய் விடுறன்" என்று மட்டும் சொன்னார்.

ஆவணி மாதம் போனோம். ஒரு பேக்கரியில் அவளுக்கு வேலை, அதற்குக் கிட்டவே ஒரு அறை. சாமான்களை இறக்க முதல் சவக்காலைக்குப் போவோம் என்று கேட்டவள் அவள்தான். அவள் பிறந்தபிறகு நாங்கள் அங்கே போனதேயில்லை. கல்லறை வரிசைகள் கூடியிருந்தன, மரங்கள் பெருத்துவிட்டன. கணவர் கண்ணை மூடிக்கொண்டும் போவேன் என்று சொல்லிக்கொண்டு வந்தவர், நடுவில் நின்று நாலாபக்கமும் பார்த்தார். மகள் எங்களை அலுவலகத்துக்குக் கூட்டிப்போனாள். அங்கே இருந்த மனிதர் எங்கள் பெயரைக் கேட்டுக் கணினியில் தேடிவிட்டு, கையைக் காட்டிக் காட்டி நீளமாக எதையோ சொன்னார். அவள் கேள்வி கேட்டாள். அவர் திரும்பவும் சொன்னார்.

"என்னவாம்? என்னவாம் பிள்ளை?" என்று அவளுடைய சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"பொறுங்கோ அம்மா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு, அவர் சொல்லி முடிக்குமட்டும் கேட்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணா அந்தப் பெரிய மேப்பிள் மரத்துக்கு அங்கால இருக்கிறாராம். கிட்டத்தான். வாங்கோ."