செய்தி வரும்வரை பாடியவர்

எங்கள் அப்பா காரைநகரில் பிறந்து, ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவர். அவரைக் கப்பல் வேலைக்குச் சேர்த்துவிட்டவர், கொழும்பில் கடை வைத்திருந்த ஒரே அண்ணன், என் பெரியப்பா.

அறுபதுகளில் லிவர்பூலில் இறங்கிய அப்பா ஓர் இசை விடுதியில் கோப்பை கழுவினார். அங்கே பாடிய வெள்ளைக்காரப் பொடியனுக்குத் தொண்டை கட்டிய அன்று மேடையேறியவர், பிறகு இறங்கவில்லை. ஆங்கிலம் வாசிக்கத் தெரியாமலே, கேட்டுக் கேட்டுப் பாடமாக்கினார். அந்த விடுதிக் குழுவோடு, ஆங்கிலப் பெயரொன்றில் இரண்டு இசைத்தட்டுகள் வந்தன. பெரியப்பா அவற்றைக் கடையில் போட்டு, "என்ரை தம்பி" என்று வந்தவரையெல்லாம் மறிப்பாராம்.

காலம் மாறிக் குழு கலைந்தது. ரொறன்ரோவில் இரும்புத் தொழிற்சாலையில் சேர்ந்து, ஊரிலிருந்த அம்மாவையும் என்னையும் கனடாவுக்கு எடுப்பித்தார். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவனாக என்னை ஆக்கியவர் அவரே.

எண்பத்து மூன்றில் பழைய குழு மறுபடி சேர்ந்து இங்கு வந்து, அப்பாவைப் பாட அழைத்தது. அதே கிழமைதான் ஆடிக் கலவரத்தில் கொழும்பு எரிந்தது. கடை எரிந்ததென்று தகவல் வந்தது. பெரியப்பாவைப் பற்றி ஒன்றுமில்லை.

"செத்த வீட்டுத் துடக்கோடை மேடையேறுறதோ அத்தான்? உந்த வெள்ளைக்காரப் பாட்டுப் பாடாட்டி உங்களுக்குச் சோறு இறங்காதோ?" என்றார் அம்மாவின் தம்பி, மாமா.

"ஆரின்ரை துடக்கு? அண்ணை செத்ததை நீ கண்டனியோ? இண்டைக்கு நான் பாடாட்டி, நானே அவரைச் சாகடிச்ச மாதிரி."

நிகழ்ச்சியன்று அம்மா வீட்டில் தொலைபேசியருகே இருந்தார். நான் மண்டபத் தொலைபேசியருகே நின்றேன். சாவுச் செய்தி வந்து நான் கையை உயர்த்தினால் பாட்டை நிறுத்துவதாக ஏற்பாடு. அப்பா சனத்தைப் பார்க்கவில்லை; என்னையே பார்த்துப் பாடினார். இரண்டாம் பாட்டில் மணி அடித்தது. நான் ஓடுவதைக் கண்டும் அவர் பாட்டை நிறுத்தவில்லை.

மறுமுனையில் மாமா: "என்னடா, இன்னும் பாடுறாரோ?"

"ஓம் மாமா. பாடுறார்."

திரும்பி வந்து கைகளைக் கீழே தொங்கவிட்டபடி நின்றேன். அப்பா கடைசிப் பாட்டுவரை பாடினார்.

செய்தி பிறகும் வரவில்லை. பெரியப்பாவின் படத்துக்கு மாலைபோட அப்பா விடவேயில்லை. அன்று கோபித்த மாமாதான், நுரையீரல் நோயில் அப்பா கிடந்தபோது வைத்தியசாலையில் மாறி மாறி என்னோடு இருந்தார். அவருக்கும், சமைத்துத் தந்த அயலவர்களுக்கும், தோள்கொடுத்த தொழிற்சாலை நண்பர்களுக்கும் எங்கள் நன்றி என்றும் உரியது.

அப்பாவின் முப்பத்தோராம் நாளான இன்றைய அந்தியேட்டியில் ஐயர் இறந்தவர்களின் பெயர்களைக் கேட்பார். பெரியப்பாவின் பெயரையும் சேர்க்கச் சொல்கிறார்கள். நான் சொல்லமாட்டேன், உறவினர்கள் குறைநினைக்க வேண்டாம். இந்த நினைவு மலரில் ஒரு பிரதி பெரியப்பாவுக்கென்று எடுத்து வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
மகன்