தண்ணீர்த் தெள்ளும் என் நண்டு ரசமும்

என் வீட்டுக்காரருக்கு நெஞ்சுச் சளி. மழைக்காலம் வந்துவிட்டால் இருமி இருமியே ஓய்ந்துபோவார். அதற்கு நான் வைக்கும் நண்டு ரசம்தான் மருந்து. ஞாயிற்றுக்கிழமைகளில் காலையில் பேர் பதியும் பெரட்டு கிடையாது, வேலைக்குப் போக வேண்டாம். எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குக் கீழே ஓடும் ஆற்றில் இறங்கிக் கல்லைப் புரட்டி நண்டு பிடிப்பேன். கடிக்காமல் இருக்க, என் பழைய சிவப்புச் சேலையைக் கிழித்து அதன் கொடுக்குகளைக் கட்டுவேன். அந்தக் குளிர் தண்ணீரில் விரல்கள் விறைத்துப்போகும். அவருக்காக என்பதால் அது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

அறுபதுகளின் தொடக்கம் அது. அவர் தோட்டத்து டிஸ்பென்சரியில் போத்தல் கழுவி, மருந்து எடுத்துக் கொடுக்கும் வேலையில் இருந்தார். அதன் பின்னறைக்கு மைக்ராஸ்கோப்போடு ஓர் அம்மா வந்து சேர்ந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிறவர். ஆற்று நண்டின் உடம்புக்குள் ஒரு புழு இருக்கிறதாம். அது எப்படி உள்ளே போகிறது என்று கண்டுபிடிக்க வந்திருந்தார். அவருக்குக் கண்ணாடித் துண்டு கழுவிக் கொடுக்கும் வேலையும் என் வீட்டுக்காரர் தலையில் விழுந்தது.

விழுந்ததா, கேட்டு வாங்கினாரா என்று எனக்குச் சந்தேகம். அன்று முதல் தொழிலாளர் லயத்தில் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்குள் அந்த அம்மா பேச்சுதான். அவர் குடை பிடிக்கிற அழகு, பால் போடாமல் தேத்தண்ணி குடிக்கிற பழக்கம். ஒருநாள் நானும் பால் போடாமல் தேத்தண்ணி கொடுத்துப் பார்த்தேன்.

"பால் தீந்துருச்சா?" என்று கேட்டார்.

அடுத்த ஞாயிறு நனைந்துபோய் நண்டோடு வந்தேன். வாளியை எட்டிப் பார்த்தவர், "இனிமே ரசம் வைக்காத. இதுக்குள்ள புழு இருக்கு, அந்த அம்மா காட்டுனாங்க. குடு, நான் கொண்டுபோயி கொட்டிட்டு வர்றேன்" என்றார்.

எவளோ சொன்னதைக் கேட்டு நான் ஆற்றுக்குப் போகாமல் இருப்பதா? வீம்புக்கு ஒவ்வொரு ஞாயிறும் பிடித்து வந்தேன். ஒவ்வொரு ஞாயிறும் அவர் வாளியைத் தூக்கிக்கொண்டு போனார். இருமல் மட்டும் வீட்டிலேயே இருந்தது.

பொறுக்க முடியாமல் ஒருநாள் டிஸ்பென்சரிக்கே போய்விட்டேன். என் வீட்டுக்காரர் தோட்டத்தின் கீழ்ப்பிரிவுக்கு மருந்து கொண்டுபோயிருந்தார். சண்டை பிடிக்கத்தான் போனேன். அந்த அம்மாவோ நான் யாரென்று தெரிந்ததும் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"இஞ்சை வந்து பாருங்கோ."

மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தேன். தெள்ளு அளவில் ஒரு தண்ணீர்ப்பூச்சி. உடம்பு கண்ணாடி மாதிரி இருந்தது. அதற்குள் நூல்போல ஒரு புழு சுருண்டு கிடந்து நெளிந்தது.

"இந்தப் புழு நண்டிலயிருந்து நண்டுக்கு நேரே போகாது. அதின்ரை முட்டையை இந்தத் தெள்ளு தின்னும். தெள்ளை நண்டு தின்னும். அப்பிடித்தான் பரவுது எண்டு நினைக்கிறன். நிச்சயமாச் சொல்லுறதுக்கு இன்னும் கன நண்டு வேணும்."

"அப்ப நண்டு ரசம் குடிக்கக் கூடாதுங்களா?"

"நல்லாக் கொதிக்க வைச்சால் ஒண்டும் செய்யாது. அதை உங்கட வீட்டுக்காரருக்கு முதல் நாளே சொன்னனான். பாவம், அவர்தான் கிழமைக்குக் கிழமை எனக்கு நண்டு பிடிச்சுத் தாறவர்."

மேசைக்குக் கீழே ஒரு வாளி இருந்தது. உள்ளே நண்டுகள். கொடுக்குகளில் என் சிவப்புச் சேலை. பிடித்தவர் அவராம்! எழுந்து வந்துவிட்டேன்.

சாயங்காலம் அவர் வந்து செருப்பைக் கழற்றும்போதே கேட்டேன்.

"ஒங்க நெஞ்சுக்குன்னு நான் பிடிச்ச நண்ட அங்க கொண்டுபோயி குடுத்தீங்களா?"

செருப்பைச் சுவரோரம் தள்ளி வைத்தார். பிறகு, "ஒங்கிட்ட கேட்டா நீ குடுப்பியா?" என்றார்.

கொடுத்திருக்க மாட்டேன்தான். அது அவருக்குத் தெரிந்திருந்தது என்பதில் எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது.

"அவங்க கேட்டா மட்டும் ஒடனே தூக்கிக் குடுத்துருவீங்களோ?"

இருமிக்கொண்டே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். பொய் சொல்லியிருக்கலாம். சொன்னால் நம்பவும் தயாராக இருந்தேன்.

"அவங்க எங்க கேட்டாங்க?" என்றார். "நானாத்தான் குடுத்தேன்."