இரண்டு முட்டி மெத்தைகள்

என் வண்டியின் டேஷ்போர்டுக்குள் இரண்டு முட்டி மெத்தைகள் கிடக்கின்றன. பழைய கார் சீட்டிலிருந்து கிழித்தெடுத்த கறுப்பு ரெக்சின், உள்ளே ஸ்பாஞ்சு, முழங்காலில் கட்டிக்கொள்ளப் பள்ளிக்கூடப் பையின் பட்டை. என் அக்கா தைத்தவை. அவளுக்குத் தையல் அவ்வளவாக வராது. வலது மெத்தையில் நூல் நெளிந்து நெளிந்து போகும். இடது மெத்தை ரெக்சினின் கறுப்பெல்லாம் போய், உள்துணி தெரியுமளவுக்குத் தேய்ந்திருக்கும். அதைக் கட்டிக்கொண்டு வேலை செய்தவர் அக்காவின் கணவர், எனக்கு மாமா. இடது காதைச் சுவர்ப் பக்கம் சாய்த்தபடி தவழ்வார் என்பதால் உடம்பின் பாரமெல்லாம் இடது முட்டியில்தான் இறங்கும். வண்டியில் ஏறுகிறவர்கள் யாராவது "இந்த அழுக்கை ஏன் வெச்சிருக்கீங்க, தூக்கிப் போடலாமே" என்றால் எனக்குச் சுருக்கென்று கோபம் வருகிறது. உன் வேலையைப் பார் என்று சொல்லிவிடுகிறேன்.

நான் வீடுகளில் ஹோம் தியேட்டர் மாட்டிக் கொடுப்பவன். கூடுவாஞ்சேரியில் கடை. ஸ்பீக்கர்களை மாட்டுவது பெரிய வித்தையில்லை; எதை எங்கே வைப்பதென்று படம் போட்டே பெட்டியோடு கொடுத்துவிடுகிறார்கள். மானத்தை வாங்குவது சப்வூஃபர் பெட்டிதான். அந்தக் கனத்த அடிச் சத்தம் இருக்கிறதே, அது அறைக்கு அறை ஒரு குணம் காட்டும். ஒரு மூலையில் வைத்தால் ஜன்னல் கம்பிவரை அதிரும். அங்கிருந்து இரண்டடி தள்ளி வைத்தால் சளி பிடித்தவன் பேசுவதுபோல் அடைத்துக்கொள்ளும். இதற்கு ஒரு பழைய வழி உண்டு. ஆள் உட்காரும் சோபாவின்மேல் சப்வூஃபரைத் தூக்கி வைத்து ஓட விட வேண்டும். நாம் தரையில் முட்டி போட்டு, சுவரோரமாகத் தவழ்ந்துகொண்டே கேட்க வேண்டும். எந்த இடத்தில் சத்தம் சீராகக் காதில் விழுகிறதோ, அங்கேதான் சப்வூஃபரை வைக்க வேண்டும். கேட்க எளிது. ஆனால் பெரிய வீட்டின் பளபளக்கும் தரையில், வீட்டுக்காரர் குடும்பத்தோடு பார்த்துக்கொண்டிருக்க, நாலு காலில் தவழ வேண்டும். அது எனக்குக் கூச்சமாக இருந்தது. உண்மையைச் சொன்னால் கூச்சம் இல்லை, கௌரவம். கடை முதலாளி தவழலாமா?

அந்த நேரத்தில்தான் மாமாவுக்கு மறைமலை நகர்ப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்த தொழிற்சாலை வேலை போயிற்று. "என்கூட வா மாமா" என்று கூப்பிட்டேன். வந்த முதல் வாரமே தவழும் வேலையை அவர் தலையில் கட்டினேன். அவருக்கு அதில் ஒரு கூச்சமும் இல்லை. என்னைவிடப் பத்து வயது மூத்தவர், நல்ல உயரம், வேட்டியை மடித்துக் கட்டினால் ஊரே திரும்பிப் பார்க்கும். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "எங்க நைனா அடுத்தவன் கழனில நாத்து நட்டுக் குனிஞ்சே முதுகு வளைஞ்சி போச்சு மச்சான். நான் சத்தம் கேக்கறதுக்குக் குனியறேன். அதுவும் ஏசி ரூம்ல. நைனா பாத்தா கண்ணு வைக்கும்." இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

நான் பாட்டைப் போட்டுத் தேடுவேன். அவருக்கு அது சரிப்படவில்லை. ஒருநாள் செங்கல்பட்டுக்கு அப்பால் பாலாற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் நின்று, கூட்ஸ் வண்டி கடந்து போகும் சத்தத்தைப் போனில் பிடித்துக்கொண்டு வந்தார். "பாட்டு ஏறி எறங்கிகினே கீது மச்சான். கூட்ஸு ஒரே மாரி போவும். எங்க அது தடுக்கி விழுதோ, அந்த எடம் ஆவாது" என்றார். அப்படியே பிடித்துக் காட்டினார். சோபாவின்மேல் ரயில் ஓடும். மாமா கண்ணை மூடிக்கொண்டு சுவரோரம் போவார். ஓரிடத்தில் நின்று, தரையைத் தட்டி, "இங்க வை" என்பார். அவர் தட்டிய இடத்திலிருந்து ஒரு பெட்டியைக்கூட நான் பிற்பாடு மாற்றி வைத்ததில்லை. ஓஎம்ஆர் அடுக்குமாடிகளிலிருந்து மாமல்லபுரத்துக் கடலோர வீடுகள்வரை எங்களைத் தேடிக் கூப்பிட்டார்கள். பெயர் எனக்கு. முட்டி அவருக்கு. வலிக்கிறது என்று அவர் சொல்லவில்லை. அக்கா கண்டுபிடித்து மெத்தை தைத்துக் கொடுத்தாள்.

தொழில் வளர வளர எனக்குத் தலையில் ஏதோ ஏறிவிட்டது. ஒருநாள் வண்டியில் போகும்போது, "கஸ்டமர் வூட்ல என்ன மச்சான்னு கூப்டாத மாமா. சொந்தக்காரன வெச்சி ஓட்டறான்னு நெனப்பாங்க. சார்னு கூப்புடு" என்றேன். வேறு யாராக இருந்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்வதுபோல் நாலு கேட்டிருப்பார்கள். மாமா அதையும் விளையாட்டாக்கிக்கொண்டார். வீட்டுக்குள் நுழைந்ததும் "சார், ஒயர் எடுக்கட்டுமா சார்? ஸ்க்ரூ டைட் பண்ணட்டுமா சார்?" என்று வாய்க்கு வாய் சார் போடுவார். வேலை முடிந்து வாசல் கேட்டைத் தாண்டியதும், "இன்னா மச்சான், சார் வேசம் எப்டி கீது?" என்று முதுகில் ஓர் அடி வைப்பார். கேட்டுக்கு உள்ளே சார், வெளியே மச்சான். எங்கள் ஏற்பாடு அதுதான்.

மாமல்லபுரத்துக்குக் கொஞ்சம் முன்னால், கடலைப் பார்த்த ஒரு வீடு. மாடியில் ஜன்னலே இல்லாமல் ஓர் அறையைச் சினிமாவுக்கென்றே கட்டியிருந்தார்கள். வீட்டுக்காரர் தங்கமான மனிதர். போனதும் இளநீர் வெட்டிக் கொடுத்தார்; மத்தியானம் எங்களையும் மேஜையில் உட்காரவைத்துச் சாப்பாடு போட்டார். சாப்பிட்ட பிறகு அவருடைய நண்பர்கள் இரண்டு மூன்று பேர் வேடிக்கை பார்க்க வந்து, பின்வரிசைச் சாய்வு நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். எனக்கும் ஒன்றைக் காட்டினார்கள். நானும் உட்கார்ந்தேன். அப்படி உட்கார்ந்திருக்கக் கூடாது என்று இப்போது படுகிறது. அன்றைக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. முன்வரிசை சோபாவில் சப்வூஃபர் இருந்தது. கூட்ஸ் வண்டி ஓட ஆரம்பித்தது. மாமா மெத்தைகளைக் கட்டிக்கொண்டு தவழ்ந்தார்.

மூன்றாவது சுவரில் பாதி தூரம் போயிருப்பார். வீட்டுக்காரரின் மகன், நாலைந்து வயதுப் பிள்ளை, எங்கிருந்தோ ஓடிவந்து "யானை!" என்று அவர் முதுகில் தாவி ஏறிக்கொண்டான். நண்பர்கள் சிரித்தார்கள். வீட்டுக்காரர் பதறி எழுந்து, "டேய், இறங்கு! அங்கிள் வேலை செய்யறாங்க இல்ல?" என்று அதட்டினார். மாமா அப்படியே நின்றார். இரண்டு உள்ளங்கையும் தரையில். கழுத்தை மட்டும் திருப்பி, என்னைப் பார்த்தார். பிள்ளையையோ வீட்டுக்காரரையோ பார்க்கவில்லை. நான் என்ன சொல்லப்போகிறேன் என்பதற்காகக் காத்திருந்தார். நான் ஒன்றும் சொல்லாமல் இருந்திருக்கலாம். பிள்ளையின் அப்பாவே இறங்கச் சொல்லிவிட்டார், அத்தோடு முடிந்திருக்கும். நான்தான் முந்திரிக்கொட்டை மாதிரி வாயைத் திறந்தேன். நண்பர்களோடு சேர்ந்து சிரித்துக்கொண்டே சொன்னேன்: "பரவாயில்ல சார், இருக்கட்டும். ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போப்பா, குழந்தை ஆசைப்படுது இல்ல?"

போப்பா. அக்கா கழுத்தில் தாலி கட்டியவரை, என் அப்பா செத்த அன்று பாடைக்கு முன்னால் தோள் கொடுத்தவரை, அப்படிக் கூப்பிட்டேன். அவர் போனார். அந்தப் பிள்ளையைச் சுமந்துகொண்டு அறையை ஒரு முழுச் சுற்று சுற்றினார். பிள்ளை விழுந்துவிடாமல் ஒரு கையைப் பின்னால் கொடுத்துப் பிடித்துக்கொண்டு, மூன்று காலில் போனார். ரயில் ஓடிக்கொண்டே இருந்தது. சுற்று முடிந்ததும் பிள்ளையைப் பக்குவமாக இறக்கி விட்டார், விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர்ந்தார், ஓரிடத்தில் தரையைத் தட்டினார். "இங்க வைங்க சார்" என்றார். பெட்டியை வைத்துப் போட்டுப் பார்த்தோம். அவ்வளவு அருமையாக இருந்தது. வீட்டுக்காரர் மாமாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

கேட்டைத் தாண்டி வந்தோம். முதுகில் அடி விழவில்லை. திருக்கழுக்குன்றம் வழியாக வண்டியை விட்டேன். அவர் மெத்தைகளை அவிழ்த்து டேஷ்போர்டுக்குள் வைத்தார். வழியெல்லாம் நான்தான் பேசிக்கொண்டு வந்தேன். செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டு வந்ததும், "இங்க எறக்கி வுட்ருங்க சார்" என்றார். வேஷத்தைக் கலைக்க மறந்துவிட்டார் என்று நினைத்துச் சிரித்தேன். அன்று நான் இரண்டாவது முறையாகச் சிரித்தது அது. மறுநாள் அவர் வரவில்லை.

மூன்றாம் நாள் அக்கா போன் செய்தாள். "இன்னாடா சொன்ன அவர?"

"ஒண்ணும் சொல்லலியேக்கா."

"அவரும் அதான் சொல்றாரு. ஒண்ணுமில்லன்றாரு. ஒண்ணுமில்லாததுக்கா ரெண்டு நாளா அந்த மனுசனுக்குச் சோறு எறங்கல? நெல்லக் கொட்னா அள்ளலாம் தம்பி, சொல்லக் கொட்னா அள்ள முடியாது. இன்னா கொட்டனியோ, வந்து நீயே அள்ளு."

போகவில்லை. நான் என்ன கொலையா செய்துவிட்டேன் என்று எனக்குள்ளேயே வாதாடிக்கொண்டிருந்தேன். அவர் மகளை முதுகில் ஏற்றிக்கொண்டு வீடெல்லாம் யானை விளையாடியவர்தானே, இன்னொரு பிள்ளையை ஏற்றினால் குறைந்தா போவார் என்று. பிரச்சினை யானையில் இல்லை என்பது எனக்கு அன்றே தெரியும். பொங்கலுக்குத்தான் போனேன். "வாங்க சார், உக்காருங்க" என்றார். சிரித்த முகம்தான். அக்கா, "இன்னா சாரு கீருன்னுகினு, உங்க மச்சான்தான அவன்?" என்று அதட்டினாள். "பழகிப் போச்சுமே" என்றார். டீ கொடுத்தார். கையில் சொம்பு தண்ணீர் கொடுத்து உபசரித்தார். ஒரு குறையும் வைக்கவில்லை. மன்னிப்புக் கேட்கலாம் என்று மூன்று முறை தொண்டைவரை வந்தது. கேட்டிருந்தால் ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். கேட்காமல் ஏழெட்டு வருஷம் ஓடிவிட்டது. அவர் சிறுசேரிக் கம்பெனிகளுக்கு ஆட்களை ஏற்றிப்போகும் வேன் ஓட்டினார். நல்லது கெட்டதுக்குப் பார்த்துக்கொள்வோம். எப்போதும் சார்தான்.

அவர் போன கொஞ்ச நாளில் தவழும் வேலையே இல்லாமல் போயிற்று. அளக்கும் மைக் வந்துவிட்டது. ஸ்டாண்டில் நிறுத்திப் போனோடு இணைத்தால் கோடு போட்டுக் காட்டிவிடுகிறது. இப்போது அக்கா குடும்பம் ஊரப்பாக்கத்தில் சொந்தமாக வீடு வாங்கிக் குடியேறியிருக்கிறது. அக்கா மகள் சிறுசேரியில் வேலைக்குப் போகிறாள்; போன மாதம் ஆசையாக ஒரு ஹோம் தியேட்டர் வாங்கிவிட்டு, "நீங்கதான் மாமா வந்து மாட்டித் தரணும்" என்று போன் செய்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் போனேன். ஸ்பீக்கர்களையெல்லாம் மாட்டினேன். மைக்கை வேண்டுமென்றே வண்டியில் விட்டுவிட்டு, மெத்தைகளை எடுத்துக்கொண்டு மேலே ஏறினேன். சப்வூஃபரை சோபாவில் வைத்தேன். பழைய கூட்ஸ் ரயில் சத்தம் என்னிடம் இன்னும் இருந்தது, அதைப் போட்டேன். பிளாஸ்டிக் நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த மாமா தலையைத் தூக்கினார்.

மெத்தைகளைக் கட்டிக்கொண்டு முட்டி போட்டேன். இடது முட்டி தரையில் பட்டதும் உயிர் போயிற்று. அந்த மெத்தைக்குள் ஸ்பாஞ்சே இல்லை. பொடிந்து, கரைந்து, எப்போதோ போய்விட்டிருக்கிறது. மேலே வெறும் ரெக்சின். எத்தனை வீட்டில், எத்தனை நாள் அந்த வெறும் ரெக்சினோடு மாமா தவழ்ந்தாரோ, எனக்குத் தெரியாது. பக்கத்திலேயே நின்றவன், ஒருநாளும் பார்த்ததில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வலியால் என்று அக்கா மகள் நினைத்திருப்பாள்.

நாலடி தவழ்ந்திருப்பேன். ரயில் நின்றது. மாமா எழுந்து வந்து நிறுத்தியிருந்தார். என் முழங்கையைப் பிடித்துத் தூக்கினார். "எந்திரிங்க சார். எங்க வூட்ல யாரும் முட்டி போட வேணாம். இப்ப அளக்கற மைக்கு வெச்சிருக்கீங்களாமே, அத எடுத்துகினு வாங்க, அது பாத்து சொல்லட்டும்."

"மாமா, அன்னிக்கி அந்த பீச் வூட்ல... உன்ன நான் போப்பான்னு சொல்லிட்டேன். தப்பு மாமா."

அவர் என் கையை விடவில்லை. "அது எனக்குத் தெரியும்" என்றார். "உங்களுக்குத் தெரியுமான்னுதான் இத்தினி வருசமா பாத்துகினு இருந்தேன்."

அக்கா சமையற்கட்டு வாசலில் கரண்டியோடு நின்றாள். நான் கீழே போய் மைக்கை எடுத்துக்கொண்டு வந்தேன். அது ஜன்னலுக்குப் பக்கத்தில் ஓர் இடத்தைக் காட்டியது. அங்கேயே வைத்தேன். அக்கா மகள் ஒரு படத்தைப் போட்டுக் குதித்தாள். மாமா கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "நல்லா கீது" என்று மட்டும் சொன்னார்.

கிளம்பும்போது கேட்டுவரை வந்தார். நான் கேட்டைத் தாண்டினேன். முதுகு தன்னால் கூசியது. ஓர் அடி விழுமோ என்று அற்பத்தனமாக எதிர்பார்த்தேன். விழவில்லை. "பாத்துப் போங்க" என்றார். பின்னால் சார் வரவில்லை. மச்சானும் வரவில்லை. வண்டியில் ஏறி மெத்தைகளை டேஷ்போர்டுக்குள் வைத்தேன். இடது மெத்தைக்குப் புது ஸ்பாஞ்சு வைத்துத் தரும்படி அக்காவைக் கேட்கலாமா என்று யோசித்தேன், பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டேன். கண்ணாடியில் பார்த்தேன். மாமா இன்னும் கேட்டுக்கு உள்பக்கம்தான் நின்றுகொண்டிருந்தார்.